நான் 'செய்து கற்பவள்'. அதனால்தான் கணக்கு வரவில்லையா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயப் படிப்பான டி.எல்.எட். முதலாம் ஆண்டு படிக்கிறீர்கள். வகுப்பில் கற்றல் பாணி வினாப்பட்டியல் கொடுத்தார்கள். உங்களுக்கு 'செய்து கற்பவர்' என்று வந்தது. ஆர்வத்தில் கைப்பேசியில் இன்னொரு சோதனையும் எடுத்தீர்கள். அது 'வலது மூளைக்காரர்' என்றது. அடுத்த வாரம் கணிதத் தேர்வில் 50-க்கு 19. பக்கத்து இருக்கைத் தோழிக்குப் 'பகுத்தாய்பவர்' என்று வந்திருந்தது, அவருக்கு 43. இதை வைத்து மூன்று கேள்வி கேட்கிறீர்கள். சிந்திக்கும் விதம்தான் கணக்கு மதிப்பெண்ணைத் தீர்மானிக்கிறதா? பாணிக்கு ஏற்றபடி படித்தால் மதிப்பெண் ஏறுமா? செயல் ஆய்வுக்கு, அதாவது வகுப்பறைச் சிக்கல் ஒன்றை நீங்களே எடுத்துச் செய்து பார்க்க வேண்டிய சின்ன ஆய்வுக்கு, இதையே தலைப்பாக எடுக்கலாமா? மூன்றுக்கும் அடியில் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: கணக்கு வராது என்பது என் பிறவி அமைப்பா? அதற்கு மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லை. மற்றதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

நான் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் ஒன்றில் இருபத்துச் சொச்சம் ஆண்டு கணிதம் கற்பித்தல் பாடம் நடத்தியவன். எல்லோரும் 'டயட்' என்பார்கள். சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று வீட்டுக்கு வரும் உறவினர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன பெயர். நீங்கள் நிரப்பிய மாதிரி வினாப்பட்டியலை நானும் பல ஆண்டுகள் கொடுத்திருக்கிறேன். சேர்க்கை முடிந்த முதல் வாரத்தில் கொடுத்து, யார் யார் என்ன பாணி என்று பதிவேட்டில் எழுதி வைப்பேன். ஒரு வருடம் அந்த விடைக்கட்டு எங்கேயோ போய்விட்டது. மூன்று வாரம் கழித்து மறுபடி நிரப்பச் சொன்னேன். அதற்குப் பிறகு பழைய கட்டு ஒரு பீரோவின் பின்பக்கத்திலிருந்து கிடைத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பலருக்குப் பாணி மாறியிருந்தது. 'படித்துக் கற்பவர்' என்றிருந்த ஒரு பையன் 'கேட்டுக் கற்பவர்' ஆகியிருந்தான். கூப்பிட்டுக் கேட்டேன். "முதல் வாரம் ஹாஸ்டல்ல யாரையும் தெரியாது சார், புத்தகந்தான் துணை. இப்ப ரூம்ல நாலு பேரு பேசிப் பேசிப் படிக்கிறோம்" என்றான். இது ஆய்வு இல்லை, ஒரு வகுப்பில் நடந்த தற்செயல். ஆனால் அந்த வருடம் முதல் பதிவேட்டில் பாணி எழுதுவதை நிறுத்திவிட்டு, இதைப் பற்றி என்ன ஆராய்ந்திருக்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

தேடினால் முதலில் தெரிவது, 'பாணி' என்ற சொல்லுக்குள் ஊர்ப்பட்ட சங்கதிகள் கிடக்கின்றன என்பது. 2004-ல் இங்கிலாந்தில் ஃபிராங்க் காஃபீல்டும் அவருடைய குழுவும் கணக்கெடுத்தபோது கற்றல் பாணிக்கென்று 71 வெவ்வேறு மாதிரிகள் கிடைத்தன. பார்த்தல், கேட்டல், படித்தெழுதல், செய்தல் என்று நான்காகப் பிரிப்பது நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங் செய்தது. டேவிட் கோல்ப் அனுபவச் சுழற்சியை வைத்து வேறு நான்கு சொன்னார். ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க் மனதுக்குள் ஓர் அரசாங்கம் நடப்பதாக வைத்து, சட்டம் இயற்றுபவர், நிறைவேற்றுபவர், நீதி சொல்பவர் என்று தொடங்கி 13 சிந்தனைப் பாணிகளை அடுக்கினார். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் மேலாளர் பயிற்சிப் பிரிவில் இருந்த நெட் ஹெர்மன் மூளையை நான்கு கட்டமாக்கிப் பகுத்தாய்தல், ஒழுங்கு, மனித உறவு, கற்பனை என்று பெயர் வைத்தார். உங்களுக்கு ஒரு பட்டியலில் 'செய்து கற்பவர்', இன்னொன்றில் 'வலது மூளை' என்று வந்ததில் ஆச்சரியம் எதுவும் இல்லை. இரண்டும் வேறு வேறு கேள்விகளைக் கேட்டன.

இன்னொரு குழப்பமும் உண்டு. விருப்பம், பழக்கம், திறன் மூன்றும் வேறு. சாம்பார் பிடிக்கும் என்று சொல்பவருக்குச் சாம்பார் வைக்கத் தெரியும் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் 'படம் பார்த்துப் படிப்பது எனக்குப் பிடிக்கும்' என்ற கட்டத்தில் டிக் அடித்தவரைப் 'படத்தால் நன்றாகக் கற்பவர்' என்று கூசாமல் எழுதிவிடுகிறோம். வினாப்பட்டியல் அளப்பது பெரும்பாலும் விருப்பத்தை. அதுவும் நீங்களே உங்களைப் பற்றிச் சொன்ன விருப்பத்தை.

இனி உறுதியாகச் சொல்லக்கூடியது. ஒருவரின் பாணியைக் கண்டுபிடித்து அதற்குப் பொருத்தமாகக் கற்பித்தால் கூடுதலாகக் கற்பார் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. 2008-ல் ஹெரால்ட் பாஷ்லர், மார்க் மெக்டேனியல், டக் ரோரர், ராபர்ட் பியார்க் ஆகிய உளவியலாளர்கள் நால்வரும் இதை அலசினார்கள். அவர்கள் கேட்ட சோதனை எளிமையானது. வகுப்பைப் பாணிவாரியாக இரண்டாகப் பிரியுங்கள், பார்ப்பவர்கள் ஒரு பக்கம், கேட்பவர்கள் ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் சீட்டுக் குலுக்கி, பாதிப் பேருக்குப் படத்தாலும் பாதிப் பேருக்குப் பேச்சாலும் பாடம் நடத்துங்கள். கடைசியில் எல்லோருக்கும் ஒரே தேர்வு. பார்ப்பவருக்குப் படமும் கேட்பவருக்குப் பேச்சும் அதிக மதிப்பெண் கொடுத்தால்தான் பாணி உண்மை. படம் எல்லோருக்குமே நல்லது என்று வந்தால் அது படத்தின் பெருமை. பாணிக்கு அங்கே வேலை இல்லை. இப்படி முறையாகச் செய்த ஆய்வுகள் சொற்பம், அந்தச் சொற்பத்திலும் சில நேரெதிர் முடிவைக் காட்டின. பிறகு 2015-ல் பெத் ரோகோவ்ஸ்கி குழுவினர் ஒலிநூல், மின்னூல் இரண்டையும் வைத்துச் செய்து பார்த்தார்கள். விருப்பத்துக்கும் புரிதலுக்கும் தொடர்பு வரவில்லை. ஆனாலும் நம்பிக்கை போகவில்லை. 2012-ல் ஒரு கருத்துக்கணிப்பில் பிரிட்டன் ஆசிரியர்களில் 93 சதவீதமும் நெதர்லாந்து ஆசிரியர்களில் 96 சதவீதமும் பாணிக்கேற்பக் கற்பித்தால் நன்றாகக் கற்பார்கள் என்று நம்பியது தெரிந்தது. ஆகவே உங்கள் விரிவுரையாளரைக் குறை சொல்லாதீர்கள், நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான்.

வலது மூளை சமாசாரத்தை இன்னும் சுருக்கமாக முடித்துவிடலாம். மூளையின் இரு பாதிக்கும் இடையேயான இணைப்பைத் துண்டித்த நோயாளிகளிடம் ரோஜர் ஸ்பெர்ரி செய்த ஆராய்ச்சிக்கு 1981-ல் நோபல் பரிசு கிடைத்தது. மொழி போன்ற சில வேலைகள் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது உண்மை. அதிலிருந்து 'இவர் வலது மூளை ஆள், அவர் இடது மூளை ஆள்' என்று ஆட்களைப் பிரித்தது பத்திரிகைகளும் பயிற்சிக் கம்பெனிகளும். 2013-ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1,011 பேரின் மூளைப் படங்களைப் பார்த்தார்கள். ஒட்டுமொத்தமாக ஒரு பாதியே ஓங்கியிருக்கும் ஆள் என்ற வகை தென்படவில்லை. அந்தக் கைப்பேசிச் சோதனையை ராசிபலன் பக்கத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.

'அப்படியானால் நம் கல்வியியல் கல்லூரிகளில் வருகிற ஆய்வேடுகள் எல்லாம் பொய்யா சார், பாணிக்கும் கணித அடைவுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இருக்கிறது என்றுதானே எழுதியிருக்கிறது' என்று அடுத்துக் கேட்பீர்கள். பொய் இல்லை. அப்படிப்பட்ட எம்.எட். ஆய்வேடுகள் சிலவற்றில் வழிகாட்டி என்று நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 'குறிப்பிடத்தக்க' என்ற சொல்லில்தான் சூட்சுமம். இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று சொல்லும் எண்ணுக்கு ஒட்டுறவுக் கெழு என்று பெயர்; தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1. 300 பயிற்சி மாணவர்களை எடுத்தால் அது 0.12 வந்தாலே 0.05 மட்டத்தில் குறிப்பிடத்தக்கது, அதாவது வெறும் தற்செயல் என்று ஒதுக்க முடியாதது, என்று அட்டவணை சொல்லிவிடும். 0.12-ஐ வர்க்கம் செய்யுங்கள்: 0.0144. மதிப்பெண்களில் இருக்கும் ஏற்ற இறக்கத்தில் நூற்றில் ஒன்றரைப் பங்குகூடப் பாணியோடு சேர்ந்து நகரவில்லை. மீதித் தொண்ணூற்றெட்டரைப் பங்கு வேறு எங்கோ இருக்கிறது. ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயத்தில் இந்த வர்க்கத்தைச் செய்து எழுதியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை, என் மாணவர்கள் உட்பட.

அந்தச் சின்னத் தொடர்பிலும் எது முன்னால், எது பின்னால் என்று தெரியாது. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதப் பிரிவு எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கிய பெண்ணிடம் 'பிரச்சினைகளைப் படிப்படியாகப் பிரித்து யோசிப்பேன்' என்ற வாக்கியத்தைக் கொடுத்தால் 'ஆம்' என்றுதான் அடிப்பாள். ஆறு வருடம் கணக்கு ஆசிரியர் முன்னால் எழுந்து நிற்கவே பயந்த பெண் 'கைவேலை மூலம் கற்பது பிடிக்கும்' என்பதில் அடிப்பாள். மதிப்பெண் முதலில் வந்து, விருப்பம் அதன் பின்னால் நடந்து வந்திருக்கலாம். உங்கள் தோழி பகுத்தாய்பவர் என்பதால் 43 வாங்கினாரா, கணக்கில் எப்போதும் 43 வாங்கிக்கொண்டிருந்ததால் தன்னைப் பகுத்தாய்பவராக நினைக்கிறாரா? ஒரே ஒரு முறை எடுத்த வினாப்பட்டியல் இதைச் சொல்லாது. அவர் பன்னிரண்டாம் வகுப்பில் என்ன பிரிவு என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டுப் பாருங்கள்.

நிச்சயமும் சந்தேகமும் கலந்த இடம் ஒன்று உண்டு, எனக்குப் பிடித்த இடமும் அதுதான். ஹெர்மன் விட்கின் என்ற அமெரிக்க உளவியலாளர், சிக்கலான கோட்டுருவத்துக்குள் ஒளிந்திருக்கும் எளிய வடிவத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் சோதனை வைத்தார். சட்டென்று பிரித்துப் பார்ப்பவர்களைக் களம் சாராதவர்கள் என்றார். இவர்கள் கணிதத்தில் மேலே நிற்பது திரும்பத் திரும்ப வந்த முடிவு. ஆனால் கவனியுங்கள், இந்தச் சோதனையில் சரி, தவறு உண்டு. அப்படியென்றால் இது விருப்பம் இல்லை, திறன். வடிவங்களை மனதுக்குள் பிரித்தும் திருப்பியும் பார்க்கும் திறனை இடஞ்சார் திறன் என்று வேறு பெயரில் அளப்பதோடு இது பெரிதும் ஒன்றிப்போகிறது. பாணி என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு திறன் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. பாணிக்கும் கணக்குக்கும் வலுவான தொடர்பு என்று எங்காவது படித்தால் முதலில் இந்தச் சட்டையைக் கழற்றிப் பாருங்கள்.

படம் போட்டு யோசிப்பவர்கள் கதை இன்னும் சுவாரசியம். சோவியத் உளவியலாளர் க்ருடெட்ஸ்கி கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து, சொல்லாலும் தர்க்கத்தாலும் போகிறவர்கள், உருவத்தால் போகிறவர்கள், இரண்டையும் கலப்பவர்கள் என மூன்று வகையிலும் கெட்டிக்காரர்கள் உண்டு என்றார். தென்னாப்பிரிக்காவில் நார்மா பிரெஸ்மெக் 1980-களில் பார்த்தபோது உயர்நிலைப் பள்ளியின் முதல்தர மாணவர்கள் பெரும்பாலும் படம் போடாதவர்களாக இருந்தார்கள். அப்போது படம் கெடுதலா? 1999-ல் மேரி ஹெகார்டியும் மரியா கோசெவ்னிகோவும் டப்ளின் நகரப் பள்ளிப் பையன்களிடம் ஒரு கணக்கைக் கொடுத்து இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். நேரான பாதையின் இரு முனையிலும் மரம் நட்டு, இடையில் 5 மீட்டருக்கு ஒன்று நடுகிறார். பாதையின் நீளம் 15 மீட்டர். மொத்தம் எத்தனை மரம்?

நான் இதைத் தென்னங்கன்று ஆக்கி என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் கொடுப்பேன். வினாப்பட்டியலில் இருவருமே 'பார்த்துக் கற்பவர்' என்று வந்த இரண்டு பேரின் நோட்டு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒருவர் நோட்டில் அழகான தென்னை: மட்டை, குலை, கீழே மண்வெட்டியோடு தலைப்பாகை கட்டிய ஆள், பின்னால் வரப்பு. பக்கத்தில் 15 வகுத்தல் 5, விடை 3. இன்னொருவர் நோட்டில் ஒரு கோடு, அதில் நான்கு குறுக்குக் கீறல், இடையில் 5, 5, 5 என்று எழுதியது. விடை 4. அந்த ஆராய்ச்சியின் முடிவும் இதுவே. பொருளின் தோற்றத்தை வரைபவர்கள் பின்தங்கினார்கள், பொருள்களுக்கு இடையேயான உறவை வரைபவர்கள் முந்தினார்கள். இரண்டும் படம்தான். வினாப்பட்டியல் இருவரையும் ஒரே பெட்டியில் போடும். நல்ல சேதி என்னவென்றால், தலைப்பாகையை விட்டுவிட்டுக் கோடு போடச் சொல்லிக்கொடுக்க முடியும். அந்தத் தென்னை வரைந்த மாணவி டிசம்பருக்குள் கோடு போட ஆரம்பித்துவிட்டார், டி.எல்.எம். என்கிற கற்பித்தல் துணைக்கருவி அட்டைகளில் மட்டும் தென்னை அதே அழகோடு தொடர்ந்தது.

ஸ்டெர்ன்பெர்க்கின் சிந்தனைப் பாணிகளைப் பொறுத்தவரை நான் ஒதுங்கித்தான் நிற்கிறேன். அவற்றுக்கும் மதிப்பெண்ணுக்கும் வரும் தொடர்பு, தேர்வு எதைக் கேட்கிறது என்பதைப் பொறுத்து ஆடும். சொன்னபடி செய் என்று கேட்கும் தேர்வில் 'நிறைவேற்றுபவர்' ஜெயிப்பார், நீயே கணக்கை உருவாக்கு என்று கேட்டால் தடுமாறலாம். ஆனால் அவரும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்த கிரிகொரென்கோவும் கண்ட ஒரு விஷயத்தைப் பயிற்சி மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். தன் பாணியோடு ஒத்துப்போகும் மாணவரை ஆசிரியர் சற்று உயர்வாக மதிப்பிடுகிறார். அகமதிப்பீட்டு மதிப்பெண் போடும் எங்களுக்கும் இது பொருந்தும், நாளை வகுப்பில் நிற்கப்போகும் உங்களுக்கும் பொருந்தும்.

சரி, அந்தத் தொண்ணூற்றெட்டரைப் பங்கு எங்கே? என் அனுபவத்தில் பெரும்பகுதி இரண்டு இடத்தில். முதலாவது, முன்பு கற்றது. பயிற்சிக்கு வருபவர்களில் பலர் பத்தாம் வகுப்போடு கணிதத்தை விட்டவர்கள். கலைப் பிரிவு, தொழிற்பிரிவு. பத்தாம் வகுப்பிலும் புத்தகப் பயிற்சிக் கணக்குகளை மனப்பாடம் செய்து தேறியவர்கள் அவர்களில் உண்டு. இவர்களுக்குக் கடினமாக இருப்பது மேல்வகுப்புப் பாடம் இல்லை. ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்புப் பின்னம்தான்.

ஒவ்வொரு தொகுப்பிலும் நான் கேட்கும் கேள்வி, 1¾-ஐ ½-ஆல் வகுக்க வேண்டும், அதற்கு ஒரு கதை சொல்லுங்கள் என்பது. லிப்பிங் மா என்ற ஆராய்ச்சியாளர் அமெரிக்க, சீன ஆசிரியர்களிடம் கேட்ட கேள்வி இது. ஒரு வருடம் முன்வரிசையில் ஒரு மாணவி சட்டென்று கையைத் தூக்கினார். "தலைகீழாத் திருப்பிப் பெருக்கணும் சார். ஏழு பை நாலு, இன்ட்டு ரெண்டு பை ஒண்ணு. மூணரை." சரி. "கதை?" என்றேன். "ஒண்ணே முக்கால் லிட்டர் பால் இருக்கு சார். அதை ரெண்டு பேருக்குச் சமமாப் பிரிக்கிறோம்." "ஏம்மா, ஒண்ணே முக்கால் லிட்டரை ரெண்டு பேருக்குப் பிரிச்சா ஒருத்தருக்கு மூணரை லிட்டரா கிடைக்கும்?" வகுப்பு சிரித்தது, அவரும் சிரித்தார், ஆனால் முகம் மாறிவிட்டது. அவர் செய்தது இரண்டால் வகுப்பது. அரையால் வகுப்பது என்றால், அரை லிட்டர் பாட்டிலில் ஊற்றினால் எத்தனை பாட்டில் வரும் என்று கேட்பது. மூன்று முழு பாட்டிலும் நாலாவதில் பாதியும். கரும்பலகையில் ஒரு நீளப் பட்டை வரைந்து அரை அரையாக வெட்டிக் காட்டியபோது, 'பார்ப்பவர்', 'கேட்பவர்', 'செய்பவர்' எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. பட்டைப் படம் இங்கே தேவைப்படுவதற்குக் காரணம் பாடத்தின் இயல்பு, எதிரில் இருப்பவரின் பாணி இல்லை.

லிப்பிங் மாவின் ஆய்வில் அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரில் கணக்கை முழுதாகச் சரியாகச் செய்தவர்கள் 9 பேர், பொருத்தமான கதை சொன்னவர் ஒரே ஒருவர். சீன ஆசிரியர்கள் 72 பேரும் கணக்கைச் சரியாகச் செய்தார்கள், 65 பேர் கதை சொன்னார்கள். இத்தனைக்கும் அந்தச் சீன ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஒன்பதாம் வகுப்புக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டு பயிற்சி மட்டும் பெற்றவர்கள், அமெரிக்கர்கள் பட்டதாரிகள். தொடக்கக் கணக்கை ஆழமாக, ஒன்றோடொன்று கோத்துப் படித்ததும், பணியில் சேர்ந்த பிறகும் சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து அதையே தொடர்ந்து படித்ததும் இந்த இடைவெளியைப் பெரிதும் விளக்குகின்றன. யாருடைய கற்றல் பாணியையும் அங்கே கேட்கத் தேவைப்படவில்லை.

இரண்டாவது, பயம். 1990-ல் ரே ஹெம்ப்ரி பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, கல்லூரி மாணவர்களில் கணிதப் பதற்றம் அதிகம் இருந்தது தொடக்கப் பள்ளி ஆசிரியராகப் படித்தவர்களிடம். பதறும்போது மனம் கணக்கைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய இடத்தைக் கவலை பிடித்துக்கொள்கிறது. இது உங்களோடு நிற்காது. 2010-ல் சையன் பெய்லாக் குழுவினர் 17 ஆசிரியைகளின் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளைக் கவனித்தார்கள். ஆசிரியைக்குக் கணிதப் பதற்றம் அதிகமாக இருந்த வகுப்புகளில், ஆண்டு முடிவில் 'கணக்கு பையன்களுக்கு, வாசிப்பு பெண்களுக்கு' என்று நம்பும் பெண் குழந்தைகள் கூடியிருந்தார்கள். அந்தக் குழந்தைகளின் கணித அடைவு குறைந்திருந்தது. பையன்களிடம் அந்த விளைவு இல்லை. 17 வகுப்பு என்பது சின்ன எண்ணிக்கை, அமெரிக்காவில் நடந்தது, நம் ஊரில் அப்படியே இருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனாலும் 'நான் வலது மூளை, எனக்குக் கணக்கு வராது' என்று வகுப்பில் வாய்தவறிக்கூடச் சொல்லாதீர்கள்.

பாணிக்கேற்பப் படிக்கலாமா என்ற இரண்டாவது கேள்விக்கு ஓர் உதாரணத்தோடு பதில் சொல்கிறேன். உங்களைப் போலவே 'செய்து கற்பவர்' என்று வந்த ஒரு மாணவி ஈர்க்குச்சிக் கட்டுகளோடு உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாமல் வேலை செய்வார். 203-லிருந்து 48-ஐக் கழிக்கச் சொன்னேன். நூறு கட்டு ஒன்றைப் பிரித்துப் பத்துப் பத்துக் கட்டாக்கினார், அதில் ஒன்றைப் பிரித்து உதிரியாக்கினார், எடுத்தார், எண்ணினார்: 155. அதே கணக்கைத் தாளில் எழுதச் சொன்னேன்: 165. நடுவில் இருக்கும் பூச்சியத்தைப் பத்தாக்கினார்; அதிலிருந்து ஒன்றை ஒற்றைக்குக் கொடுத்த பிறகு ஒன்பதாக்க மறந்துவிட்டார். கையில் ஒன்பது கட்டு மிச்சமிருந்ததைப் பார்த்த கண்ணும், தாளில் 9 என்று எழுத வேண்டிய விரலும் ஒன்றையொன்று அறியவே இல்லை. அவருடைய பாணிக்கு ஏற்றபடி இன்னும் நூறு கணக்கைக் குச்சியிலேயே செய்ய வைத்திருந்தால் அந்த இடைவெளி அப்படியே இருந்திருக்கும். ஒரு கட்டைப் பிரித்தவுடனே தாளில் ஒரு அடித்தல் என்று, குச்சியையும் பென்சிலையும் மாறி மாறி ஓடவிட்டோம். இரண்டு வாரத்தில் சரியாயிற்று. நீங்கள் குச்சியை விரும்பினால் குச்சியில் தொடங்குங்கள், தடையில்லை. அங்கேயே தங்கிவிடாதீர்கள்.

பயிற்சி எடுக்கும் விதத்தில் பாணியைவிடப் பலமடங்கு பலன் தரும் விஷயம் கலந்து செய்வது. 2007-ல் ரோரரும் டெய்லரும் நான்கு கனவடிவங்களின் கனஅளவு காணும் கணக்குகளைக் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு குழு வகைவாரியாகச் செய்தது, இன்னொரு குழு நான்கையும் கலந்து செய்தது. பயிற்சியின்போது வகைவாரிக் குழு 89 சதவீதம், கலந்த குழு 60. ஒரு வாரம் கழித்துத் தேர்வில் கலந்த குழு 63, வகைவாரிக் குழு 20. பாடநூலில் பயிற்சி 3.2 என்றால் அது முழுவதையும் ஒரே மூச்சில் முடிக்கும் நம் பழக்கம் அன்றைக்கு இனிக்கும், தேர்வில் காலை வாரும், ஏனென்றால் தேர்வு 'இது எந்த வகை' என்று சொல்லிவிட்டுக் கேட்பதில்லை. பின்னம், தசமம், இடமதிப்பு, அளவை என்று நான்கிலிருந்தும் தினம் இரண்டிரண்டு எடுங்கள். விடையைப் பார்க்காமல் எழுதிவிட்டுத் திருத்துங்கள். ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் 150 கேள்வியில் 30 கணிதம். அதற்கும் இது போதும். அதே தாளில் குழந்தை மேம்பாட்டுக்கும் 30 உண்டு. அங்கே கற்றல் பாணி பற்றிக் கேட்டால் பாடநூலில் உள்ளதையே தேர்ந்தெடுத்துவிடுங்கள். தேர்வறை சண்டை போடும் இடமில்லை.

பயிற்சிக்காகப் பள்ளிக்குப் போகும்போது தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருப்பதைப் பார்ப்பீர்கள். சிலர் அதையும் பாணி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது நிலை; இந்தக் குழந்தை இப்போது எதுவரை கற்றிருக்கிறது என்பதைச் சொல்வது, அடுத்த மாதம் மாற வேண்டியது. குழந்தையை அறிந்து கற்பிப்பது என்று நான் எதையாவது ஏற்றுக்கொள்வேன் என்றால் இதைத்தான். 'இவன் கேட்டுக் கற்பவன்' என்று எழுதிவிட்டால் அவனுக்குக் கோடு வரையும் வாய்ப்பைக் குறைத்துவிடுவோம்.

செயல் ஆய்வுக்கு வருகிறேன். 'கற்றல் பாணிக்கும் கணித அடைவுக்கும் உள்ள தொடர்பு' வேண்டாம். வினாப்பட்டியல் விநியோகித்து, கெழு கண்டுபிடித்து, பழைய ஆய்வேட்டின் முடிவுரையை மாற்றி எழுதுவதில்தான் அது முடியும். அதற்குப் பதில் உங்கள் வகுப்பிலேயே எட்டுப் பத்துப் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். பின்ன வகுத்தலுக்கு ஆறு கணக்கு, ஒவ்வொன்றுக்கும் விடை, படம், கதை மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். படங்களைத் தென்னை வகை, கோட்டு வகை என்று பிரியுங்கள். வேறொருவரையும் தனியாகப் பிரிக்கச் சொல்லி ஒத்துப்போகிறதா பாருங்கள். நான்கு வாரம் பட்டைப் படத்தோடு பயிற்சி, பிறகு வேறு எண்களோடு அதே மாதிரி ஆறு கணக்கு. பத்துப் பேரை வைத்து உலகத்துக்குப் பொதுவான முடிவு சொல்ல முடியாது, ஒப்பிட வேறு குழுவும் இருக்காது. அதை அறிக்கையில் ஒளிக்காமல் எழுதுங்கள். ஆனால் யாருடைய பிழை எங்கே மாறியது என்று கைவசம் ஆதாரம் இருக்கும்.

நான் சொன்னதில் ஆராய்ச்சி முடிவுகள் வேறு, என் வகுப்பறைக் கதைகள் வேறு. கதைகளெல்லாம் தமிழ்வழியில் படித்து வந்த, பெரும்பாலும் கிராமத்துப் பெண்களாகிய என் மாணவிகளிடம் பார்த்தவை. வேறு சூழலில் வேறு மாதிரி இருக்கலாம். உங்கள் 19 மதிப்பெண் தாள் கையில் இருந்தால், போன 31 மதிப்பெண்ணும் எந்தெந்தக் கணக்கில் போனது, அங்கே நீங்கள் என்ன எழுதியிருந்தீர்கள் என்று அடுத்ததில் எழுதுங்கள். பின்னத்தில் போனதா, இடமதிப்பில் போனதா, நேரம் போதாமல் கடைசிப் பக்கம் காலியாகப் போனதா என்று தெரிந்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று சேர்ந்து பார்க்கலாம்.